மாடி ஏறாத பாடம்

பன்னாட்டு நிறுவனம் ஒன்றில் முறைகேடு அம்பலமானதும் வருகிற முதல் அறிக்கையில் என்ன இருக்கும் என்பதை இப்போதெல்லாம் படிக்காமலே சொல்லிவிடலாம். எங்களிடம் கடுமையான நன்னடத்தை விதிகள் உண்டு, ஊழியர்கள் ஆண்டுதோறும் பயிற்சி முடிக்கிறார்கள், இது ஓரிருவர் செய்த தவறு. இந்தத் தற்காப்புக்கு மெருகேற்றப் பரிசும் வந்துவிட்டது. எதிஸ்ஃபியர் என்ற அமெரிக்க அமைப்பு 2007 முதல் உலகின் நேர்மைமிக்க நிறுவனங்கள் என்று ஒரு பட்டியல் வெளியிடுகிறது. அதில் இடம்பெற நிறுவனமே கட்டணம் கட்டி விண்ணப்பித்து, கேள்வித்தாளை நிரப்பித் தர வேண்டும். பயிற்சியே வீண் என்பதல்ல என் வாதம். வாடிக்கையாளர் தரும் பரிசை எந்த மதிப்பு வரை வாங்கலாம், பாலியல் தொல்லைக்கு ஆளானால் எந்தக் குழுவிடம் போவது என்பதெல்லாம் புதிதாகச் சேருகிறவருக்குத் தெரிந்தாக வேண்டும். ஆன்லைன் பாடம் அதற்குப் போதும். கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. தவறு அறியாமையால் நடக்கிறது, அறியாதவர் கீழ்மட்டத்தில் இருக்கிறார் என்ற இரண்டு நம்பிக்கைகளின் மேல்தான் இந்த ஏற்பாடு முழுவதும் நிற்கிறது. பெரிய ஊழல் வழக்குகளின் ஆவணங்களைப் புரட்டினால் இரண்டுமே நிற்பதில்லை.

பிறகு பயிற்சிக்கு ஏன் இவ்வளவு செலவு? சட்டத்தில் காரணம் இருக்கிறது. 1991இல் அமெரிக்காவில் வந்த, நிறுவனங்களுக்கான தண்டனை வழிகாட்டு நெறிகள், ஒழுங்கான கம்ப்ளையன்ஸ் (விதிகளுக்கு இணங்குவதை உறுதிசெய்யும்) திட்டம் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அபராதத்தைக் குறைக்க இடம் தந்தன. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டு லஞ்சச் சட்டமும், இந்தியாவில் 2018இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டமும், போதுமான தடுப்பு நடைமுறைகள் இருந்ததாக நிரூபிக்கும் நிறுவனத்துக்குத் தப்பும் வழியைத் திறந்தன. நல்லெண்ணத்தில் செய்தவைதான். ஆனால் 2012இல் முதலீட்டு வங்கியான மார்கன் ஸ்டான்லியின் சீன ரியல் எஸ்டேட் பிரிவு அதிகாரி ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது நடந்ததைப் பாருங்கள். நிறுவனத்தின் மேல் வழக்கு வரவில்லை. 2002க்கும் 2008க்கும் இடையில் அவருக்கு லஞ்சத் தடுப்பில் ஏழு முறை பயிற்சி தந்ததையும், குறைந்தது 35 முறை நினைவூட்டியதையும் அமெரிக்க நீதித்துறை நிறுவனத்துக்குச் சாதகமாக எடுத்துச் சொன்னது. ஏழு பயிற்சியும் அந்த மனிதரைத் தடுக்கவில்லை, நிறுவனத்தைக் காத்தன. பாடத்தின் முடிவில் ‘படித்தேன், புரிந்துகொண்டேன்’ என்ற கட்டத்தில் ஊழியர் டிக் அடித்த நொடியிலேயே பாடம் தன் வேலையை முடித்துவிடுகிறது. அவர் திருந்தினாரா என்பது அதற்குப் பிறகு யாருக்கும் கவலையில்லை.

இதைவிடக் கூர்மையான சான்று சென்னையில் இருக்கிறது. ஐ.டி. நிறுவனமான காக்னிசன்ட் இங்கே கட்டிய 27 லட்சம் சதுர அடி வளாகத்தின் திட்ட அனுமதிக்காக, 2014இல் அரசு அதிகாரி ஒருவருக்கு 20 லட்சம் டாலர் லஞ்சம் தர ஏற்பாடானது என்றும், கட்டுமான ஒப்பந்ததாரர் வழியாகக் கொடுத்துவிட்டுக் கூடுதல் வேலை நடந்ததாகக் கணக்குக் காட்டி அவருக்கு அதை ஈடுகட்டினார்கள் என்றும் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2019இல் குற்றம் சாட்டியது. நிறுவனம் குற்றத்தை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை, 2.5 கோடி டாலர் கட்டியது. இதற்கு ஒப்புதல் தந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் யார்? நிறுவனத்தின் பிரெசிடென்ட்; தலைமைச் சட்ட அதிகாரி. (இருவரும் மறுத்தார்கள், 2025இல் அமெரிக்க அரசே வழக்கைக் கைவிட்டது.) நிறுவனத்தின் மேல் வழக்குத் தொடரப் போவதில்லை என்று நீதித்துறை எழுதிய கடிதம்தான் விசேஷம். மூத்த நிர்வாகிகள் சிலரே குற்றத்தில் பங்கெடுத்தார்கள், அதை வழிநடத்தினார்கள் என்று சொல்லும் அதே கடிதம், அங்கே முன்பே இருந்த கம்ப்ளையன்ஸ் திட்டத்தையும் அதன் பயனையும் நிறுவனத்துக்கு ஆதரவான காரணங்களில் ஒன்றாகச் சேர்க்கிறது. நிறுவனம் தானாக முன்வந்து விஷயத்தைச் சொன்னது பெரிய காரணம் என்பது உண்மைதான். ஆனாலும் உச்சியில் இருப்பவர்களையே தடுக்காத திட்டம் எந்தப் பொருளில் பயனுள்ளது? ஐ.டி. நிறுவனத்தில் கோடு எழுதுகிறவர் திட்ட அனுமதிக் கோப்பைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். லஞ்சம் கூடாது என்று ஆண்டுதோறும் க்விஸ் எழுதுகிறவரும், கெடு தாண்டினால் எச்.ஆர். மெயில் வாங்குகிறவரும் அவர்தான்.

கீழே இருப்பவரே தவறு செய்த இடத்திலும் அறியாமை காரணமாக இருந்ததில்லை. வெல்ஸ் ஃபார்கோ வங்கி 2016இல் போலிக் கணக்குகளுக்காக 18.5 கோடி டாலர் அபராதம் கட்டியது. சில ஆண்டுகளில் சுமார் 5,300 பேரை வேலையை விட்டு அனுப்பியிருந்தது. வாடிக்கையாளர் சம்மதமில்லாமல் கணக்குத் தொடங்குவது தவறு என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன! ஆளுக்கு எட்டுத் திட்டங்களை விற்கத் துடித்த நிர்வாகம் வைத்த டார்கெட்டும் அவர்களுக்குத் தெரியும். நேர்மைக்கான ஹாட்லைனில் புகார் சொன்னதால்தான் வேலை போனது என்று முன்னாள் ஊழியர்கள் சிலர் சொன்னார்கள். டார்கெட் வைப்பதைப் பற்றித்தான் எந்தப் பாடமும் இல்லை.

ஜெர்மன் நிறுவனமான சீமென்ஸைக் காட்டி இதை மறுப்பவர்கள் உண்டு. உலகம் முழுக்க லஞ்சம் கொடுத்ததற்காக 2008இல் அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும் சுமார் 160 கோடி டாலர் கட்டிய அந்த நிறுவனம், கம்ப்ளையன்ஸ் துறையைப் பெருக்கிப் பயிற்சியால் திருந்தியது என்பார்கள். அங்கே லஞ்சத்துக்கான ஒப்புதலைப் பிறகு கிழித்துப்போட வசதியாக, ஒட்டுத்தாளில் கையெழுத்திட்டுத் தந்த மேலாளர்கள் இருந்தார்கள். விதி தெரியாதவன் ஒட்டுத்தாளைத் தேட மாட்டான். மாற்றம் வந்த வரிசையையும் பார்க்க வேண்டும். 2007இல் முதன்முறையாக வெளியாள் ஒருவர் தலைமைக்கு வந்தார். உண்மையைச் சொல்ல முன்வந்த ஊழியர்களுக்குப் பொதுமன்னிப்பு தரப்பட்டது. முன்னாள் இயக்குநர்களிடம் இழப்பீடு கேட்கப்பட்டது. தலைவராக இருந்த ஹைன்ரிஷ் ஃபொன் பீயரர் சமரசத்தில் 50 லட்சம் யூரோ தர ஒப்புக்கொண்டார். மேல்மாடியில் கணக்குத் தீர்த்த இடத்தில் நடந்த பயிற்சியைக் காட்டி, கணக்கே கேட்காத இடங்களின் பயிற்சிக்கு நற்சான்று தர முடியாது. மேலதிகாரிகளும் இதே பாடத்தைத்தானே முடிக்கிறார்கள் என்று கேட்கலாம். முடிக்கிறார்கள். ஆனால் பரிசுப் பொருளின் விலையைக் கேட்கும் அந்த க்விஸில், டார்கெட்டை யார் வைத்தது, ஒப்பந்ததாரரின் கூடுதல் பில்லை யார் பாஸ் செய்தது, மேலாளர் மேல் புகார் கொடுத்தவர் இன்னும் வேலையில் இருக்கிறாரா என்ற கேள்விகள் இல்லை.