எதுக்கு ஓடுறீங்க?

மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை வெளிப்பக்கமாக ஒரு முறை சுற்றி வந்தால் ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் வரும். 41 வயதில் நான் ஓடத் தொடங்கியது அங்கேதான். முதல் நாள் அரைச் சுற்றுகூட முடியவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றபோது, பூக்கட்டிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "சுகராம்மா?"

"ஆமாக்கா" என்றேன்.

எனக்குச் சுகர் கிடையாது. ஆனால் அந்த ஒரு பொய்யில் எல்லாக் கேள்விகளும் அடங்கிப்போயின. அன்று முதல் ஏழெட்டு மாதம் அந்தக் குளக்கரையில் நான் சுகர் நோயாளி. எங்கள் குடியிருப்பில் கேட்டவர்களுக்கு உடம்பு குறைக்க ஓடுகிறவள். "நீயே குச்சி மாதிரி இருக்க, இன்னும் எதைக் குறைக்கப் போற?" என்றவர்களுக்குத் தைராய்டு. ஊரிலிருந்து வந்த பெரியம்மாவுக்கு மட்டும் எதுவும் போதவில்லை. "போலீசு வேலைக்கு எதுவும் எழுதியிருக்கியாடி?" என்று கேட்டுவிட்டார். என் கணவர் அதே குளத்தை ஆறு வருடமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறார். அவரிடம் யாரும் ஒரு நாளும் எதுக்கு என்று கேட்டதில்லை.

புதிதாக ஓட வருகிறவர்களுக்கென்று எழுதப்பட்ட நூல்களையும் பயிற்சித் திட்டங்களையும் அந்த நாட்களில்தான் தேடித்தேடி வாசித்தேன். அநேகமாக எல்லாமே ஒரே வாக்குறுதியோடு தொடங்குகின்றன: உலகத்திலேயே எளிமையான, செலவில்லாத பொழுதுபோக்கு ஓட்டம்தான், ஒரு ஜோடி ஷூவும் ஒரு தெருவும் இருந்தால் போதும், விருப்பம் இருந்தால் நாளைக் காலையே தொடங்கிவிடலாம். இந்த வாக்குறுதியை யார், யாருக்குச் சொல்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

முதல் அத்தியாயம் எப்போதும் ஷூ. மாலையில் போய் வாங்குங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கியிருக்கும். நீண்ட விரலுக்கும் ஷூவின் முனைக்கும் இடையே ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். 500 முதல் 800 கிலோமீட்டர் ஓடியதும் மாற்றிவிடுங்கள். எல்லாம் நல்ல யோசனைகள், நானும் பின்பற்றுகிறேன். பெண்ணின் பாதம் ஆணின் பாதத்தைச் சிறிதாக்கிய வடிவம் அல்ல. முன்பாதத்தோடு ஒப்பிட்டால் அவளுடைய குதிகால் ஒடுக்கமானது. ஆனால் வெகுகாலம் ஆண் பாதத்தின் அச்சையே அளவு குறைத்து, மேலே இளஞ்சிவப்பு பூசி, பெண்கள் ஷூ என்று விற்றார்கள். நான் போன கடையில் என் காலைப் பார்க்குமுன் விற்பனையாளர் கேட்டது, "வாக்கிங்குக்குத்தானே மேடம்?" ஓட என்று சொன்னதும் என் கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

ஷூவுக்கு முன்னால் ஒரு அத்தியாயம் இருந்திருக்க வேண்டும். மார்பு உள்ளவர்களுக்கு ஓட்டத்தின் முதல் கருவி ஸ்போர்ட்ஸ் பிரா. அது 1977 வரை கடையில் கிடைக்கவில்லை. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் லிசா லிண்டால், பாலி ஸ்மித், ஹிண்டா மில்லர் என்ற மூன்று பெண்கள், ஆண் வீரர்கள் பாதுகாப்புக்காக அணியும் உள்ளாடைகள் இரண்டைச் சேர்த்துத் தைத்துத்தான் முதல் மாதிரியை உருவாக்கினார்கள். ஜிம் ஃபிக்ஸ் எழுதி அமெரிக்காவையே ஓடவைத்ததாகச் சொல்லப்படும் ஓட்டக் கையேடு வெளியானதும் அதே 1977இல்தான். ஓட்டம் எல்லோருக்கும் ஆனது என்று அறிவிக்கப்பட்ட ஆண்டில், பாதிப் பேருக்கான உடை தையல் இயந்திரத்தில் இருந்தது.

இரண்டாம் அத்தியாயம் தூரம். ஒரு வாரத்துக்கு அடுத்த வாரம் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டாதே. பக்கத்தில் ஓடுகிறவரோடு பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தில் ஓடு. ஓடி, நடந்து, மறுபடி ஓடு. இந்த முறையில் உலகம் முழுக்கப் புகழ்பெற்றது 'கவுச் டு 5கே' திட்டம். வாரத்துக்கு மூன்று நாள், ஒன்பது வாரம். முதல் நாள் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று மாறிமாறி 20 நிமிடம். ஒன்பதாம் வாரம் நிற்காமல் அரைமணி நேரம். 1996இல் ஜோஷ் கிளார்க் என்ற இளைஞர் ஐம்பது வயதைக் கடந்த தன் அம்மாவை மனத்தில் வைத்துத்தான் இதை அமைத்தார். அதனாலோ என்னவோ, நான் வாசித்தவற்றில் மிகக் கருணையான திட்டம் இதுதான். யாரையும் வெட்கப்படுத்தாது. 60 விநாடி என்பது எந்த அம்மாவுக்கும் முடிகிற அளவு.

ஆனால் அந்த 60 விநாடியை எந்த நேரத்திலிருந்து எடுப்பது? 2019இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு சொல்கிறது: வீட்டு வேலை செய்கிற பெண்கள் கூலியில்லாத அந்த வேலைக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள்; வீட்டு வேலை செய்கிற ஆண்கள் 97 நிமிடம். கையேடுகள் காலை ஐந்தரை மணியைப் பரிந்துரைக்கின்றன. எங்கள் தெருவில் தண்ணீர் வருவதும் ஐந்தரைக்குத்தான். பால், டிபன், இரண்டு மதிய டப்பா, மாமியாரின் மாத்திரை எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில்தான் நிற்கின்றன. வாரத்தில் கட்டாயம் ஓய்வு நாள் எடு, தசை அப்போதுதான் வளரும் என்று திட்டம் சொல்கிறது. அதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஓடுகிற நாளைவிட ஓடாத நாளில்தான் எனக்கு வேலை அதிகம்.

மூன்றாம் அத்தியாயம் மூச்சு. முதல் சில வாரங்கள் மூச்சு முட்டும், பொறுமையாக இரு, உடல் பழகிவிடும் என்கிறார்கள். நான் நான்கு மாதம் பொறுமையாக இருந்தேன், பழகவில்லை. சோம்பேறி என்று என்னையே திட்டிக்கொண்டேன். கடைசியில் இரத்தம் சோதித்தால் ஹீமோகுளோபின் 9.4. கருவுறாத பெண்ணுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுவரை உள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அதாவது இந்தியாவில் ஓடத் தொடங்கும் பெண்களுக்காக ஒருவர் கையேடு எழுதினால், அதன் வாசகிகளில் பாதிக்கு மேல் என் நிலையில் இருக்க வாய்ப்புண்டு. ஷூ வாங்குமுன் இரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள் என்று ஒரே ஒரு வரி நான் படித்த எதிலும் இல்லை. மூன்று மாதம் இரும்புச்சத்து மாத்திரை போட்டபின் முதல் முறையாகக் குளத்தை நிற்காமல் சுற்றினேன். குறை என் மன உறுதியில் இல்லை, இரத்தத்தில் இருந்தது.

பிரசவமும் அப்படித்தான். இருமினால், குதித்தால், ஓடினால் சிறுநீர் கசிவது பிள்ளை பெற்ற பலருக்கும் உள்ள தொந்தரவு. இடுப்புத்தளத் தசைகளுக்குப் பயிற்சி கொடுத்தால் பெருமளவு சரியாகும். பிரசவத்துக்குப்பின் குறைந்தது மூன்று மாதம் கழித்தே ஓட்டத்துக்குத் திரும்ப வேண்டும் என்று பிரிட்டனின் பிசியோதெரபிஸ்டுகள் வழிகாட்டுதல் வெளியிட்டதே 2019இல்தான். அதற்கு முன் எத்தனை பெண்கள் யாரிடமும் சொல்லாமல் ஓட்டத்தை நிறுத்தியிருப்பார்கள்!

இவையெல்லாம் விடுபட்ட அத்தியாயங்கள். சேர்த்துவிடலாம், இப்போது சிலர் சேர்க்கவும் செய்கிறார்கள். எந்த அத்தியாயத்திலும் சேர்க்க முடியாத ஒன்று இருக்கிறது. அது பூக்கார அக்காவின் கேள்வி.

ஜப்பானிய எழுத்தாளர் ஹருகி முரகாமி ஓட்டத்தைப் பற்றி 2007இல் எழுதிய நினைவுக்குறிப்பு, ஓடும் இலக்கிய வாசகர்கள் பலருக்குப் பிடித்த நூல். எனக்கும் பிடிக்கும். 33 வயதில், தன் ஜாஸ் மதுக்கூடத்தை விட்டு முழுநேர எழுத்தாளரானபோது அவர் ஓடத் தொடங்கினார். மனத்தில் ஒரு வெறுமை வாய்ப்பதற்காகவே ஓடுகிறேன் என்ற பொருளில் எழுதுகிறார். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்து யோசித்தேன். தெப்பக்குளத்தில் யாராவது கேட்டால் நான் "வெறுமைக்காக" என்று சொல்ல முடியுமா? முரகாமியின் பதில் அழகாக இருக்கிறது. அந்தப் பதிலைத் தெருவில் வைத்து யாரும் அவரிடம் கேட்கவில்லை என்பதுதான் வித்தியாசம்.

பெண் ஓடுவதற்குக் காரணம் கேட்பது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். ஓடி முடித்துக் களைத்து விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் ஊதிப் பெருக்கின. 1960 வரை அந்தப் போட்டி ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இல்லை. ஆண்களும் களைத்து விழுகிறார்கள். அது வீரம் எனப்படும். 1966இல் பாபி கிப் புதரில் ஒளிந்திருந்து பாஸ்டன் மாரத்தானில் நுழைந்து ஓடினார். அடுத்த ஆண்டு கேத்ரின் ஸ்விட்சர் எண் அணிந்து ஓடியபோது, போட்டி அதிகாரி ஒருவர் பாய்ந்து வந்து அந்த எண்ணைப் பிடுங்கப் பார்த்தார். 1972இல்தான் பாஸ்டன் பெண்களை முறைப்படி சேர்த்துக்கொண்டது.

இப்போது யாரும் எண்ணைப் பிடுங்குவதில்லை. காரணத்தைக் கையில் திணிக்கிறார்கள். பெண்களுக்கான ஓட்டக் கட்டுரைகளில் தொப்பை குறையும், சருமம் மின்னும், மன அழுத்தம் போய்க் குடும்பத்தை இன்முகத்தோடு கவனிக்கலாம். 2012இல் மும்பையில் தொடங்கிய பிங்கத்தான் போன்ற ஓட்டங்கள் புடவை கட்டிய பெண்களைக்கூட ஆயிரக்கணக்கில் சாலைக்குக் கொண்டுவந்தன. அது சிறிய காரியம் அல்ல. ஆனாலும் அங்கேயும் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு என்ற காரணம் முன்னே ஓடுகிறது. ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பைப் பெண்களைப் பற்றி 2011இல் எழுதிய 'ஒய் லாய்ட்டர்?' நூல் இதைத்தான் சொல்கிறது: பொதுவெளியில் ஒரு பெண் தனக்கு அங்கே வேலை இருப்பதாகக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்; வேலையில்லாமல் நிற்கிற உரிமைதான் அவளுக்குக் கிடைக்காத உரிமை.

வலுவான காரணம் இருந்தால் மட்டும் விட்டுவிடுகிறார்களா? புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில், செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகளாகப் பிறந்த சாந்தி சௌந்திரராஜன் 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். நாட்டுக்காக ஓடுவதைவிடப் பெரிய காரணம் ஏது? பாலினச் சோதனை என்ற பெயரில் பதக்கத்தைப் பறித்துக்கொண்டார்கள். அவர் ஓடியதற்கு அல்ல, அவர் பெண் என்பதற்கே நிரூபணம் கேட்டார்கள்.

சென்ற மார்கழியில் ஒரு நாள் மூன்று சுற்று முடித்து, பூ வாங்க நின்றேன். "இப்ப சுகர் எம்புட்டு இருக்கு?" என்று அக்கா கேட்டார். பொய்யைத் தொடர அலுப்பாக இருந்தது. "சுகர்லாம் இல்லக்கா. சும்மாதான் ஓடுறேன். ஓடுனா நல்லா இருக்கு."

முழம் போட்டுக்கொண்டிருந்த கை நின்றது. ஏமாற்றியதற்குக் கோபப்படுவார் என்று நினைத்தேன். "சும்மா ஓடுறதுக்கும் ஒரு கொடுப்பினை வேணும்த்தா" என்றார். விடியுமுன்னே மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போய்ப் பூ எடுத்து வந்து உட்கார்ந்தவர் அவர். நான் ஓடிக்கொண்டிருந்த அந்த முக்கால் மணி நேரம் என் வீட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்ததும் இன்னொரு அக்காதான். ஷூவும் தெருவும் போதும் என்ற கையேட்டைக் குறை சொல்ல வந்த நான், என் ஓட்டம் யாருடைய நேரத்தின்மேல் ஓடுகிறது என்று அதுவரை கணக்குப் பார்த்திருக்கவில்லை.

வீட்டில் இப்போது திங்கள், புதன், வெள்ளி காலை டிபன் கணவருடைய பொறுப்பு. இரண்டு சண்டைக்குப் பிறகுதான் நடந்தது. பாத்திரம் துலக்குகிற அக்காவுக்கு ஞாயிறு விடுமுறை, சம்பளப் பிடித்தம் இல்லாமல். இதையெல்லாம் பெரிய சாதனையாகச் சொல்லவில்லை. ஷூ வாங்குவதைப்போல இதுவும் ஓட்டத்தின் முன்தயாரிப்பு என்பதற்காகச் சொல்கிறேன். குளக்கரையில் புதிதாக யாராவது "எதுக்குங்க ஓடுறீங்க?" என்று கேட்டால், பூக்கார அக்கா எனக்கு முன்னால் பதில் சொல்லிவிடுகிறார்: "அது சும்மா ஓடுது."