மாளிகையும் மின்நிலையமும்

பழங்கட்டடம் ஒன்றைக் கண்டால் அதன் வயதையும் அழகையும் வியந்து எழுதுவது நம்மவர்க்கு வழக்கமாகிவிட்டது. அது இன்று யாருக்குப் பயன்படுகிறது என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. பேராக்கில் ஆற்றை அடுத்து நிற்கும் இரண்டினை ஒப்புநோக்குவோம்.

பத்துகாஜாவுக்கு அருகே, ராயா ஆற்றங்கரையில் இருப்பது கெல்லி மாளிகை. வில்லியம் கெல்லி ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்துத் தோட்டத்துரை 1915-இல் இதனைத் தொடங்கினார். கல்லும் மண்ணும் சுமந்தவர் சென்னை மாகாணத்திலிருந்து வந்த நம் முன்னோர். 1926-இல் துரை லிஸ்பனில் இறக்கவே வேலை நின்றது. மின்தூக்கிக்கென விட்ட கூண்டு இன்றும் வெறுங்கூண்டே. இப்போது அம்மாளிகை நுழைவுச்சீட்டுப் பெற்று வருவோருக்குப் பேய்க்கதை சொல்லிக்கொண்டிருக்கிறது. சிறிது தொலைவிலுள்ள மாரியம்மன் கோயிலின் மேல், தெய்வ உருவங்களுக்கு நடுவே தொப்பி அணிந்த துரையும் நிற்கிறார். அவரை அங்கே ஏற்றியவரும் நம்மவரே, வியப்பதா, வருந்துவதா!

மற்றொன்று, பேராக் ஆற்றின் குறுக்கே 1930-இல் முடிந்த செண்டரோ அணையும் அதன் மின்நிலையமும். கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்காக ஒரு கம்பெனி கட்டியது. அந்நாளில் அதன் வெளிச்சம் பெரும்பாலான லயத்து வீடுகளை எட்டவில்லை. அங்கே மண்ணெண்ணெய் விளக்குத்தான். 1985-இல் ஈயத்தின் விலை வீழ்ந்தது, சுரங்கங்கள் மூடப்பட்டன. நிலையமோ ஓய்ந்துவிடவில்லை. அதன் மின்சாரம் நாட்டின் பொது விநியோகத்தில் கலந்து, தோட்டம் விட்டு வந்தோர் வாழும் தாமான் வீடுகளுக்கும் உதவுகிறது. எஜமானன் போனபின்னும் வேலை செய்யும் கட்டடம் இதுவே. அணையெல்லாம் நன்றென்று யாம் வாதாடவில்லை. 1970-களில் மேலே தெமெங்கோர் அணை எழுந்தபோது ஒராங் அஸ்லி மக்கள் தம் ஊர்களை இழந்தனர்.

ஈப்போவில் கிந்தா ஆற்றை ஒட்டிய நகரத்துப் பழைய கடைவீடுகள் சில, காப்பிக்கடைகளாயின. அதனை யாம் பழியோம். காற்றும் ஒளியும் காசின்றித் தந்த நடுமுற்றத்தைப் பலகையால் அடைத்து, குளிர்சாதனப் பெட்டியை மாட்டி, பின்பு கூரையில் சூரியத் தகடு பதிப்பதைச் சீர்திருத்தம் என்பதுதான் நகைப்புக்குரியது.

கெல்லி மாளிகையின் வண்டி நிறுத்துமிடத்துக்குக் கூரையிட்டுத் தகடு பதிக்கட்டும். அம்மின்சாரத்தில் வெற்றறை இரண்டை மாலை நூலகமாக்கி, சுற்றுவட்டாரத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சீட்டின்றித் திறந்துவிடட்டும்.