பெயர் மூன்று நாள் ஓடும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் டீக்கடை பெஞ்சில் சினிமா வசூல் பேசாத ஆள் கிடையாது. எந்தப் படம் எத்தனை கோடி என்று ஷிஃப்ட் பஸ் வரும்வரை சண்டை நடக்கும். நூறடிக்கு மேல் அகலமான திரையில் பார்க்க வேண்டும் என்று பார்டர் தாண்டிச் சூலூர்பேட்டை வரை பைக்கில் போகிறவர்கள் நாம். ஆனால் “விளையாட்டு வீரர்கள் நடித்த படங்களை மட்டும் எடுத்து வசூலை ஒப்பிட்டுப் பார்ப்போமா?” என்று நான் கேட்டால் பெஞ்ச் காலியாகிவிடும். “கிரிக்கெட்காரனுக்கு எங்கே நடிப்பு வரும்?” என்ற ஒரே பதிலைப் பல வருஷமாகக் கேட்டு வருகிறேன். கோபம்தான் வருகிறது.

வசூலைப் படிக்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. ஒரு நடிகரின் படம் ஓடினால் அது கதையாலா, பாட்டாலா, பொங்கல் லீவாலா என்று பிரிக்க முடியாது. விளையாட்டு வீரரோ வேறு தொழிலில் சம்பாதித்த புகழோடு வருகிறார். அந்தப் புகழுக்குத் தியேட்டரில் என்ன மதிப்பு என்பது தனியாகத் தெரியும்.

அடிப்படையைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். டிக்கெட் விற்ற மொத்தப் பணம் கிராஸ். வரியும் தியேட்டர் பங்கும் போக விநியோகஸ்தர் கைக்கு வருவது ஷேர். போஸ்டரில் வருவது கிராஸ், விநியோகஸ்தரைத் தூங்கவிடுவது ஷேர். நாம் திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தாலும் சினிமா வியாபாரத்தில் நம் ஊர் செங்கல்பட்டு ஏரியா. வசூலுக்குப் பக்கத்தில் பட்ஜெட்டையும் வருஷத்தையும் எழுதாமல் எந்த இரண்டு படத்தையும் ஒப்பிடாதீர்கள். கடைசியாக, மொத்த வசூலை முதல் மூன்று நாள் வசூலால் வகுத்துப் பாருங்கள். படம் பெயரில் ஓடியதா, பார்த்தவர்கள் சொல்லி ஓடியதா என்று அந்த எண் சொல்லும். அடிப்படை அவ்வளவுதான்.

இப்போது உண்மையான விஷயம். விளையாட்டு வீரர் நடித்த படங்கள் இரண்டே ஜாதி: அவர் பெயரை வாங்கிய படம், அவர் உடம்பை வாங்கிய படம். கௌரவ வேடமா கதாநாயகனா, காமெடியா சீரியஸா என்றெல்லாம் பிரிப்பவர்கள் மேலோட்டமாகப் பிரிக்கிறார்கள். உடம்பு என்று நான் சொல்வது தசையை மட்டும் இல்லை. உயரம், நிற்கும் விதம், இருபது வருஷப் பயிற்சியில் எலும்பில் ஏறிய பழக்கம், ஆடுகளத்தில் அவர் உண்மையிலேயே வாழ்ந்த வாழ்க்கை எல்லாம் சேர்ந்தது.

இதற்குப் பாடப் புத்தகம் அமெரிக்கக் கூடைப்பந்து. ஏழடிக்கு மேல் உயரமான ஷகீல் ஓ’நீலை 1996இல் ‘கஸாம்’ படத்தில் பூதமாக்கினார்கள். அவர் பந்தை எடுத்தால் எதிரணி எப்படி ஒடுங்கும் என்று உலகத்துக்கே தெரியும். படத்துக்கு அது தேவைப்படவில்லை, பெயர் போதும் என்று நினைத்தார்கள். 2 கோடி டாலர் செலவு, அமெரிக்காவில் 1.9 கோடி வசூல். மறு வருஷமே ‘ஸ்டீல்’. 1.6 கோடி போட்டு 17 லட்சம்தான் திரும்பியது. பெயர் ஒரே வருஷத்தில் எப்படிக் கரைகிறது என்று பாருங்கள்.

எதிர்ப்பக்கம் கரீம் அப்துல்-ஜப்பார். புரூஸ் லீயின் ‘கேம் ஆஃப் டெத்’ நம்மில் பலரும் பார்த்த படம். மஞ்சள் உடையின் நெஞ்சில் பெரிய பாதச்சுவடு பதிந்திருக்குமே, அது கரீமின் கால். லீயிடமே சண்டை கற்றவர் அவர். 218 சென்டிமீட்டர் உயரத்தை அந்தக் காட்சி அங்குலம் அங்குலமாகப் பயன்படுத்துகிறது. 1980இல் ‘ஏர்பிளேன்!’ படத்தில் துணை விமானியாக வந்தார். அவரை அடையாளம் கண்டுபிடித்த ஒரு சிறுவன், தடுப்பாட்டத்தில் அவர் சோம்பேறி என்று தன் அப்பா சொன்னதைப் போட்டு உடைக்கிறான். விமானி வேஷம் அங்கேயே கலைந்து, உள்ளே இருக்கும் ஆட்டக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வருகிறது. 35 லட்சம் டாலரில் எடுத்த படம், அமெரிக்காவில் மட்டும் 8 கோடிக்கு மேல் வசூல். முழு வெற்றியும் கரீமால் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காட்சியில் வேறு யாரை வைத்தாலும் சிரிப்பு வராது. என் சோதனை இதுதான்: ஆளை மாற்றினால் காட்சி செத்துவிடுகிறதா? செத்தால் உடம்புப் படம்.

“மைக்கேல் ஜோர்டானின் ‘ஸ்பேஸ் ஜாம்’ பெயரில்தானே ஓடியது?” என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி. 1993இல் கூடைப்பந்தை விட்டுவிட்டு பேஸ்பால் ஆடப் போய், 1995இல் திரும்பி வந்த அவர் வாழ்க்கைதான் அந்தக் கதை. படப்பிடிப்பு வளாகத்திலேயே அவருக்காகத் தற்காலிக ஆடுகளம் கட்டினார்கள். அங்கே பயிற்சி எடுத்துப் போனவரின் அணி அடுத்த சீசனில் 72 ஆட்டங்களை வென்றது. 2021இல் லெப்ரான் ஜேம்ஸை வைத்து இரண்டாவது ‘ஸ்பேஸ் ஜாம்’ வந்தது. முதல் மூன்று நாளில் அமெரிக்காவில் ஜோர்டான் படம் 2.75 கோடி டாலர், லெப்ரான் படம் 3.1 கோடி. லெப்ரான் ஜெயித்தாரே! மொத்தத்தைப் பாருங்கள்: ஜோர்டான் 9 கோடி, லெப்ரான் 7 கோடி. வகுத்தால் ஒன்று 3.3, மற்றது 2.3. இடையில் 25 வருஷ விலைவாசி வேறு. கொரோனா காலம், படம் அதே நாளில் வீட்டுத் திரையிலும் வந்தது என்பதெல்லாம் பெரிய காரணங்கள், மறுக்கவில்லை. ஆனாலும் பெயர் மூன்று நாள் ஓடும், நாலாம் நாள் உடம்பு ஓடவேண்டும் என்பதற்கு இதைவிடச் சுத்தமான கணக்கு என் நோட்டில் இல்லை.

எனக்குப் பாதகமான கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கூடைப்பந்து வீரர் ரே ஆலனின் ஆட்டத்தையே நம்பி 1998இல் எடுத்த ‘ஹீ காட் கேம்’ 2.5 கோடி செலவில் 2.1 கோடிதான் எடுத்தது. உடம்பு இருந்தால் லாபம் உறுதி என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் இன்னொரு கூடைப்பந்து வீரர் கெவின் கார்னெட், கெவின் கார்னெட்டாகவே வந்த ‘அன்கட் ஜெம்ஸ்’ 5 கோடி தொட்டது. 2012இல் அவர் உண்மையிலேயே ஆடிய ஆட்டங்கள் அந்தக் கதையின் முதுகெலும்பு.

நம் பக்கம் வாருங்கள். சென்னைக்காரர் விஜய் அமிர்தராஜ், இரண்டு முறை விம்பிள்டன் காலிறுதி ஆடியவர், 1983இல் ஜேம்ஸ் பாண்டின் ‘ஆக்டோபஸ்ஸி’யில் வந்தார். ஆட்டோ துரத்தலில் டென்னிஸ் மட்டையால் ஆட்களை விளாசுகிறார். பாண்ட் படம் அவர் இல்லாமலும் ஓடியிருக்கும். ஆனால் அந்த வீச்சு டென்னிஸ்காரருடையது.

அதே அளவுகோலை ‘கோப்ரா’வுக்கு வையுங்கள். 2006இல் கராச்சி டெஸ்டின் முதல் ஓவரிலேயே ஹாட்ரிக் எடுத்த இர்ஃபான் பதானைக் கொண்டுவந்து இன்டர்போல் அதிகாரி ஆக்கினார்கள். அந்த இடது மணிக்கட்டுக்குப் படத்தில் ஒரு வேலையும் இல்லை. மூன்று மணி நேரத்தைத் தாண்டிய படத்தில் ரிலீஸுக்குப் பிறகு 20 நிமிடம் வெட்டியும் நிற்கவில்லை. குறை இர்ஃபானிடம் இல்லை. வடக்கே தெரிந்த முகம் ஒன்றைச் சேர்த்தால் பான் இந்தியா ஆகிவிடும் என்ற மோகம்தான் அற்பமானது. ஹர்பஜன் சிங்கின் ‘ஃப்ரெண்ட்ஷிப்’ படத்தையும் இதே வரிசையில் வைத்திருக்கிறேன். பெயர் தயாரிப்பாளராக வந்தாலும் இதே கதைதான்: தோனியின் நிறுவனம் 2023இல் தயாரித்த ‘எல்.ஜி.எம்.’ ஓடவில்லை. அதன் நாயகன் ஹரிஷ் கல்யாண் மறு வருஷம் ரப்பர் பந்தோடு வந்த ‘லப்பர் பந்து’ வாரக்கணக்கில் ஓடியது. அதில் நட்சத்திர வீரர் யாருமில்லை. நம் ஊர் மைதானத்து உடம்பு இருந்தது.

‘நூறு கோடி’ என்று முதல் நாளே போஸ்டர் ஒட்டும் ட்ராக்கர்களுக்கு இது விளங்காது. ஸ்போர்ட்ஸ் படம் என்றாலே ‘கடைசியில் ஜெயிப்பான்’ என்று விமர்சனத்தை முடிக்கும் ஆட்களுக்கு அதைவிட விளங்காது. யார் ஜெயிப்பார் என்று தெரிந்தேதான் நாம் ஆயிரம் சண்டைக் காட்சி பார்க்கிறோம். அடி எப்படி விழுகிறது என்று பார்க்கத் தெரிய வேண்டும்.

நான் எப்படிப் பார்க்கிறேன் என்று சொல்கிறேன். முதல் நாள் முதல் காட்சிக்குப் போவதில்லை. இரண்டாம் வாரம், நடுவார நாள், ஏ ஷிஃப்ட் முடிந்து குளித்துவிட்டு, எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கப் போவேன். பெயருக்காக வந்தவர்கள் எல்லாம் போன பிறகு மிச்சமிருப்பவர்கள் அவர்கள்.

2016 பிப்ரவரியில் அப்படித்தான் ‘இறுதிச்சுற்று’க்குப் போனேன். அதன் நாயகி ரித்திகா சிங் உண்மையிலேயே கிக் பாக்ஸிங் வீராங்கனை. நம் ஊரில் அப்போது அவர் பெயர் யாருக்கும் தெரியாது. தமிழிலும் இந்தியிலும் மாதவன், மறு வருஷம் தெலுங்கில் வெங்கடேஷ். நாயகன் மாறினார், அந்தப் பெண்ணை மாற்ற முடியவில்லை. என் வாதம் முழுவதும் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

கூட வந்தவர் என் ஷிஃப்ட்டில் வேலை செய்த ஒடிசா தம்பி. தமிழ் அரைகுறை. கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறி வடசென்னைத் தியேட்டருக்குப் போனோம். வசனம் வரும்போதெல்லாம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தவர், குத்துச்சண்டை வந்ததும் என்னை மறந்துவிட்டார். இடைவேளையில் என் கையைப் பிடித்து, “அண்ணே, அந்தப் பொண்ணு நெஜமாவே ஃபைட்டரா?” என்றார்.

“நெஜம்தான். யார் சொன்னது?”

“யாரும் சொல்லலை அண்ணே. அடிச்சிட்டுக் கை உடனே மூஞ்சிக்குத் திரும்பி வருதுல்ல.”