கையறுநிலைக்குப் பின்: ராபர்ட் ஃபோர்ஸ்டரின் 'தி எவாஞ்சலிஸ்ட்' இசைத்தொகுப்பும் பாரிக்குப் பிந்தைய கபிலரும்

முன்னுரை

இழப்பிற்குப் பின் தோன்றும் கலையைக் கண்டவுடன் தமிழ்த் திறனாய்வாளர் நாவில் முதலில் எழும் சொல் கையறுநிலை. தொல்காப்பியம் இதனைக் காஞ்சித்திணையில் வைத்து, மறைந்தாரை எண்ணி எஞ்சியோர் புலம்புவது என விளக்குகிறது. புறநானூற்றுத் துறைக்குறிப்புகள் இதனைப் பொதுவியலில் அடக்குகின்றன. புலம்பெயர்ந்த தமிழரின் படைப்புகளை, குறிப்பாக 2009-க்குப் பின் எழுந்தவற்றை, இந்த ஒரு துறைக்குள்ளேயே வைத்து வாசிக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. இதற்கு நானும் விலக்கல்லன். ஆனால், புலம்பி ஓய்ந்தபின் கலைஞன் மீண்டும் தொழிலுக்குத் திரும்பும்போது என்ன நிகழ்கிறது? இவ்வினாவிற்கு விடை தேடி, நான் வாழும் லண்டனில் ஒலிப்பதிவான, தமிழோடு நேர்த்தொடர்பற்ற ஓர் இசைத்தொகுப்பை இக்கட்டுரை ஆராய்கிறது.

இருவர் இசை

ராபர்ட் ஃபோர்ஸ்டரும் கிராண்ட் மெக்லென்னனும் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் சந்தித்த நண்பர்கள். 1977-ஆம் ஆண்டின் இறுதியில் 'தி கோ-பிட்வீன்ஸ்' என்னும் குழுவைத் தொடங்கினர். நம் அகப்பொருள் மரபில் 'வாயில்கள்' எனப்படுவோரை ஒத்த பெயர் அது. தொடக்கத்தில் மெக்லென்னனுக்கு எக்கருவியும் வாசிக்கத் தெரியாது. பேஸ் கிட்டாரைக் கற்றுக்கொடுத்தவர் ஃபோர்ஸ்டரே. பெருநிறுவனச் சந்தையின் விளிம்பில் இயங்கிய சுயாதீன இசைக்குழுக்களின் வழியில் இவர்களும் லண்டனுக்கு வந்து, எண்பதுகளின் பெரும்பகுதியை இங்கே கழித்தனர். குயின்ஸ்லாந்தின் கரும்புத் தோட்டங்களையும் தம் பிள்ளைப் பருவத்தையும் நினைந்து மெக்லென்னன் இயற்றிய 'கேட்டில் அண்ட் கேன்' என்னும் பாடல் பிறந்தது லண்டனில்தான். அது 1983-இல் வெளிவந்த 'பிஃபோர் ஹாலிவுட்' தொகுப்பில் இடம்பெற்றது. ஊரை விட்டு வந்தபின்னரே ஊர் பாடலாகிறது என்பதைப் புலம்பெயர்ந்த தமிழருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

இக்குழுவின் தொகுப்புகளில் இருவரும் ஏறத்தாழச் சரிபாதிப் பாடல்களைப் பகிர்ந்துகொண்டனர். அவரவர் பாடலை அவரவர் பாடினர். ஃபோர்ஸ்டரின் குரல் உரைநடையை ஒட்டியது, சற்றே எள்ளல் தொனிப்பது. மெக்லென்னனின் குரல் மெல்லிசையில் தோய்ந்தது. ஒன்று ஓய மற்றொன்று எழும் இம்மாற்றமே தொகுப்பின் யாப்பு எனலாம். 1989-இல் குழு கலைந்தது; 2000-இல் மீண்டும் கூடியது. 2006 மே 6 அன்று மெக்லென்னன் தம் நாற்பத்தெட்டாம் வயதில் பிரிஸ்பேனில் உறக்கத்திலேயே காலமானார். ஃபோர்ஸ்டர் அத்துடன் குழுவின் பெயரை முடித்துவைத்தார்.

பிரிவும் இறப்பும்

ஃபோர்ஸ்டருக்குத் தனியே பாடுவது புதிதன்று. 1990-க்கும் 1996-க்கும் இடையில் நான்கு தனித்தொகுப்புகளை வெளியிட்டவர் அவர். எனினும் அவை பிரிந்த ஒருவரின் பாடல்கள்; தோழர் வேறோரிடத்தில் பாடிக்கொண்டிருந்தார். பிரிவு அகத்திணைக்குரியது, அதற்கு மறுவரவு உண்டு. இறப்பு அத்தகையதன்று. இவ்வகையில் 2008-இல் வந்த 'தி எவாஞ்சலிஸ்ட்' தொகுப்பையே அவருடைய தனிவழியின் மெய்யான தொடக்கமாகக் கொள்ளுதல் தகும்.

குழுவின் இறுதித் தொகுப்பான 'ஓஷன்ஸ் அபார்ட்' (2005) உருவான அதே லண்டனில், அதே தயாரிப்பாளர்களான மார்க் வாலிஸ், டேவ் ரஃபி ஆகியோருடனேயே இத்தொகுப்பும் உருவாயிற்று. குழுவின் இறுதிக்காலக் கலைஞர்களான அடேல் பிக்வான்ஸும் கிளென் தாம்சனும் இதிலும் வாசித்தனர். சூழல் பழையதாகவே இருக்க, இரண்டாம் குரல் மட்டும் இல்லை.

தொகுப்பின் பத்துப் பாடல்களில் மூன்று, மெக்லென்னன் விட்டுச்சென்றவற்றிலிருந்து உருவானவை. அவை ஒருசேர அடுக்கப்படாமல், தொகுப்பு முழுவதும் இடைவெளிவிட்டு அமைந்துள்ளன. குரல்கள் மாறிமாறி வந்த பழைய யாப்பு, இங்கே படைத்தவர் மாறும் யாப்பாக எஞ்சுகிறது. 'டீமன் டேய்ஸ்' மெக்லென்னன் முற்றுப்பெறாமல் விட்ட பாடல். எஞ்சியதை ஃபோர்ஸ்டர் எழுதி முடித்தார். 'இட் எய்ன்ட் ஈஸி' பாடலிலோ நண்பரின் மெட்டுக்கு அந்நண்பரைப் பற்றிய சொற்களையே இட்டார். இரங்கல் வரிகள் ஒரு துள்ளல் மெட்டின்மேல் அமர்கின்றன. மெட்டு இறந்தவருடையது, அதனை மாற்றிச் சோகமாக்க ஃபோர்ஸ்டர் முற்படவில்லை. இழப்பை நேரே பேசும் இறுதிப் பாடலான 'ஃப்ரம் கோஸ்ட் டவுன்' கேட்போரை உருக்கவல்லது. கையறுநிலை என்று தயங்காமல் கூறத்தக்கது. ஆயினும் என் மதிப்பீட்டில் 'இட் எய்ன்ட் ஈஸி'யே உயர்ந்தது. முன்னதில் இறந்தவர் பாடப்படும் பொருளாக மட்டும் நிற்கிறார். பின்னதில் அவர் இன்னும் உடனிருந்து தொழில் செய்கிறார்.

கபிலரின் வாயிற்பாட்டு

பாரியை இழந்த கபிலரைப் பறம்பு நோக்கிப் புலம்பியவராகவே நாம் நினைவிற் கொள்கிறோம். ஆனால் பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்தில் அவர் செல்வக்கடுங்கோ வாழியாதனைப் பாடுகிறார். அதன் முதற்பாட்டு (61) பாரியின் மலையில் பழுத்த பலாவிலிருந்து தொடங்குகிறது. பாரி மீளா நாட்டிற்குச் சென்றுவிட்டான், ஆகவே நீ எனக்கு ஈக என்று இரந்து வரவில்லை. உன் ஈகையின் புகழ் கேட்டு வந்தேன் என்பது அதன் கருத்து. இழப்பை மறைக்கவுமில்லை, அதைக் காட்டிப் பரிசில் கேட்கவுமில்லை. பழைய நட்பைப் புதிய அவையின் வாயிலில் ஒருமுறை நிறுத்தி, அடுத்துத் தம் தொழிலைத் தொடர்கிறார்.

இவ்வொப்புமைக்கு எல்லை உண்டு. பாரி புரவலன், மெக்லென்னன் உடன்படைப்பாளி. கபிலரிடம் இறந்தவன் பெயராகவும் மலையாகவும் வருகிறான். ஃபோர்ஸ்டரிடம் மெட்டாகவே வருகிறார். எனினும், துயரைத் தகுதிச் சான்றாக நீட்டாத பெருமிதம் இருவருக்கும் பொது.

முடிவுரை

கையறுநிலை என்னும் துறை இன்றியமையாதது. ஆனால் எஞ்சியோர் கலை முழுவதற்கும் அது போதாது. மறைந்தவரின் பங்கு படைப்பிற்குள் எவ்வுருவில் தொழிற்படுகிறது என்பதையும் நாம் வினவ வேண்டும். ஆலத்தூர் சகோதரர்கள் என அறியப்பட்ட, உடன்பிறவா இணையருள் சிவசுப்பிரமணிய ஐயர் மறைந்தபின் சீனிவாச ஐயர் தனியே பாடிய காலத்தை இவ்வகையில் ஆராய்தல் பயன்தரும். புலம்பெயர்ந்த நம் இளங்கலைஞர்களின் பாட்டையும் அதில் எத்துணைக் கண்ணீர் உள்ளது என்று அளப்பதை விடுத்து, அதில் யாருடைய மெட்டு தொடர்கிறது என்று கேட்கத் தொடங்குவோமாயின், அவர்களுக்கு நாம் காட்டும் மதிப்பு அதுவாகும்.