ஸ்கை மாமாவைத் தெரியுமா? டெகாவாவின் இங்கிலீஷும் நம்ம ஊர் வெட்கமும்

விமானம் தாங்கிக் கப்பலுக்கு ஜப்பானிய மொழியில் ‘கூபோ’ என்று பெயர். எழுதும்போது இரண்டே எழுத்து. முதல் எழுத்துக்கு வானம் என்று பொருள், இரண்டாவதுக்கு அம்மா. நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றங்கரையில் ‘இன்ட்ரெபிட்’ என்ற பழைய விமானம் தாங்கிக் கப்பல் மியூசியமாக நிற்கிறது. அதைத் தேடிப்போன ஜப்பானிய நகைச்சுவைக்காரர் டெகாவா டெட்சுரோவுக்கு இங்கிலீஷில் அதற்கு என்ன பெயர் என்று தெரியாது. தெருவில் போகிறவர்களை நிறுத்தி இப்படிக் கேட்டார்: “டூ யூ நோ ஸ்கை மாமா?”

ஜப்பானில் ‘மாமா’ என்றால் அம்மா. நம்ம காதுக்கு அது வானத்து மாமாவாகவே விழும் என்பது தனிக் கூத்து.

ஜப்பானிய டிவி என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது போகோ சேனலில் ஓடிய ‘தகேஷிஸ் கேஸில்’தான். 1986-இலிருந்து 1990 வரை ஜப்பானில் டிபிஎஸ் ஒளிபரப்பிய நிகழ்ச்சி அது. ஜனங்கள் கல்லில் வழுக்கிச் சேற்றில் விழுவார்கள், ஜாவேத் ஜாஃப்ரி இந்தியில் கலாய்ப்பார். இந்தி புரியாவிட்டாலும் சிரிப்பு வந்துவிடும். அப்புறம் தமிழ் பேசும் ஷின்சான். இவற்றைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஜப்பானிய டிவி என்றாலே ‘கிறுக்குத்தனம்’ என்று ஓர் எண்ணம் படிந்திருக்கிறது. டெகாவாவின் இங்கிலீஷ் பயணங்களை அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது என்பது என் எண்ணம். அதில் நமக்கு, குறிப்பாக ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மாதிரி ஊர்க்காரர்களுக்கு, ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. நிகழ்ச்சியில் ஒரு கோளாறும் இருக்கிறது. இரண்டையும் பார்ப்போம்.

முதலில் நிகழ்ச்சி. நிப்பான் டிவியில் 2007 முதல் ஞாயிறு மாலைகளில் வரும் ‘செகாய் நோ ஹதே மதே இத்தே கியூ’. உலகத்தின் கோடி வரைக்கும் போய்ப் பார்த்து வருவது என்று தலைப்பை விளக்கலாம். அதில் டெகாவாவின் பகுதிக்கு ‘ஹஜிமேதே நோ ஒத்சுகாய்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதாவது, முதல் தடவையாகக் கடைக்குப் போய்வருவது. இந்தப் பெயரே ஒரு கேலி. 1991-இலிருந்து அதே சேனலில் இதே பெயரில் வேறொரு நிகழ்ச்சி வருகிறது. அதில் சின்னக் குழந்தைகளைத் தனியாகக் கடைக்கு அனுப்புவார்கள், கேமரா ஒளிந்து ஒளிந்து பின்னால் போகும். நெட்ஃபிளிக்ஸில் 2022-இல் ‘ஓல்ட் இனஃப்’ என்று வந்தது அதுதான். மூன்று வயது நிரம்பாத பிள்ளை காசைக் கையில் பிடித்துக்கொண்டு சாமான் வாங்கப் போவதை நீங்களும் பார்த்திருக்கலாம். டெகாவா 1964-இல் பிறந்தவர். ஐம்பது வயது மனிதரை இங்கிலீஷ் பேசும் ஊரில் இறக்கிவிட்டால் அவரும் அந்தக் குழந்தை மாதிரிதான் என்பது நிகழ்ச்சியின் அடிப்படை.

வேலை என்னவோ எளிமையானது. ஒரு இடத்தின் பெயரை ஜப்பானிய மொழியில் கொடுப்பார்கள். வழிப்போக்கர்களிடம் இங்கிலீஷில் கேட்டுக் கேட்டே அங்கே போய்ச் சேர வேண்டும். டெகாவாவிடம் இலக்கணம் கிடையாது, சொற்களும் கொஞ்சம்தான். ‘டூ யூ நோ’ என்று ஆரம்பித்து, தெரிந்த வார்த்தைகளை வரிசையாக அடுக்கி, மிச்சத்தைக் கையாலும் முகத்தாலும் முடிப்பார். கேட்டவர் விழித்தால் வேறு வார்த்தை போடுவார். அதுவும் எடுபடவில்லையா, அடுத்த ஆளிடம் போவார். பெரும்பாலும் போய்ச் சேர்ந்தும் விடுவார்.

இதை ஜப்பானின் பழைய கிறுக்கு நிகழ்ச்சி ஒன்றோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். 1992-இல் ஃபுஜி டிவியில் ‘ஸுயிகின் இங்கிலீஷ்’ என்று ஒன்று வந்தது. உடற்பயிற்சி உடையில் மூன்று பெண்கள் கைகாலை அசைத்தபடி ஒரு இங்கிலீஷ் வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். எனக்கு மோசமான வயிற்றுப்போக்கு என்பதும் அந்த வாக்கியங்களில் ஒன்று! யூடியூப் வந்த பிறகு உலகமே அதைப் பார்த்துச் சிரித்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள், நம்ம முப்பது நாள் ஆங்கிலப் புத்தகங்களும் இதைத்தானே செய்கின்றன? கேட்க ஆளில்லாமல், யாருக்கும் எதையும் சொல்லும் தேவையில்லாமல், ஒரு வாக்கியத்தை ஒப்பிப்பது. நம்மிடம் உடற்பயிற்சி இல்லை, அவ்ளோதான். டெகாவா வாக்கியத்தை விட்டுவிட்டு ஆளைப் பிடிக்கிறார். எதிரே ஒரு காது இருக்கிறது, போக வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அதனால்தான் ‘ஸ்கை மாமா’ மாதிரி, எந்தப் புத்தகத்திலும் இல்லாத சொல்லைச் செய்ய முடிகிறது.

சரி, கோளாறு எங்கே? திரையின் மூலையில்.

ஜப்பானிய டிவியில் ‘வைப்’ என்று ஒரு சங்கதி உண்டு. வெளியில் எடுத்த காட்சி ஓடும்போது, திரை மூலையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள், ஸ்டுடியோவில் உட்கார்ந்து அதைப் பார்க்கும் பிரபலங்களின் முகம் தெரியும். டெகாவா உளறும்போதெல்லாம் கட்டத்துக்குள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். உளறிய வார்த்தை வண்ண எழுத்தில் பெரிதாகத் திரையில் வரும். இங்கே சிரிக்க வேண்டும் என்று நமக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

தெருவில் என்ன நடக்கிறது என்று கவனித்தால் விஷயம் வேறு. அந்த அமெரிக்கர்கள் சிரிப்பதைவிட யோசிப்பதுதான் அதிகம். இந்த மனுஷன் என்னதான் கேட்கிறான் என்று நெற்றியைச் சுருக்கி, இதுவா அதுவா என்று கேட்டு, உதவப் பார்க்கிறார்கள். உளறலைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பது கட்டத்துக்குள் இருக்கும் சொந்த நாட்டுக்காரர்கள். வெட்கம் வெளியாள் முன்னால் பிறப்பதில்லை, நம்மாள் முன்னால் பிறக்கிறது. நிகழ்ச்சி தன்னை அறியாமலேயே காட்டிக்கொடுக்கும் உண்மை இதுதான் என்று நினைக்கிறேன்.

ஜப்பானிலேயே இதற்கு இன்னொரு சாட்சி உண்டு. அப்பா அம்மாவின் வேலை காரணமாக வெளிநாட்டில் வளர்ந்து திரும்பும் பிள்ளைகளை ‘கிகோகுஷிஜோ’ என்பார்கள். அவர்களில் பலர் வகுப்பில் வேண்டுமென்றே மோசமான உச்சரிப்பில் இங்கிலீஷ் வாசிப்பார்களாம். நன்றாக வாசித்தால் அலட்டல் என்று ஆகிவிடுமே! நமக்கு இது புதுசா என்ன? ‘பீட்டர் விடுறான்’ என்கிறோமே, அதேதான். தப்பாகப் பேசினால் சிரிப்பு, சரியாகப் பேசினால் பீட்டர். அப்புறம் வாயைத் திறப்பவன் யார்?

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். ராஜபாளையத்தில் ராஜுக்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு, தெருவில் தமிழ். அவர்களோடு வேலை, வியாபாரம் என்று பழகும் மற்றவர்கள் வாயிலும் கொஞ்சம் தெலுங்கு வரும். பக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயில். தெலுங்குக்காரர்களுக்கு அவள் கோதாதேவி. கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் எழுதிய ‘ஆமுக்தமால்யத’ காவியமே அவள் கதையைச் சொல்வதுதான். அங்கிருந்து பக்தர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். சன்னதித் தெருப் பக்கம் பால்கோவா விற்பவருக்குத் தெலுங்கில் எண்களும், ‘பாகுந்தி’, ‘தீசுகோண்டி’ என்று பத்து வார்த்தையும் போதும். இலக்கணம் பார்த்து யாரும் வாங்குவதில்லை. அவரும் கூச்சப்படுவதில்லை. ஏன்? தெலுங்கில் அவருக்கு யாரும் பரீட்சை வைக்கவில்லை. தப்பாகப் பேசுகிறார் என்று பக்கத்துக் கடைக்காரர் சிரிப்பதும் இல்லை. அந்தத் தெலுங்குக்கு மூலையில் கட்டம் கிடையாது.

அதே மாதிரி ஒரு வீட்டுப் பையன் இன்ஜினியரிங் முடித்துக் கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் போகிறான் என்று வையுங்கள். குரூப் டிஸ்கஷன். சுற்றி எட்டுப் பேர். அவனுக்கு வரும் பயத்தில் பாதி எதிரே இருக்கும் எச்.ஆர். பற்றியது. மீதிப் பாதி, பக்கத்து நாற்காலியில் இருக்கும் நண்பன் ராத்திரி ஹாஸ்டலில் இதை நடித்துக் காட்டுவானே என்பது. இந்த மீதிப் பாதியை எந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பும் தொடுவதில்லை. டெகாவாவுக்கும் இவனுக்கும் சொல்வளத்தில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். இவனுக்குத்தான் அதிகம் தெரியும். ஆனால் படப்பிடிப்பின்போது டெகாவாவின் கண்ணில் அந்தக் கட்டம் படுவதில்லை. அது பிறகு ஒட்டப்படுவது. நம்ம பையன் அதை மண்டைக்குள்ளேயே தூக்கிக்கொண்டு போகிறான்.

அதனால், ‘டெகாவா மாதிரி தைரியமாகப் பேசு’ என்று அறிவுரை சொல்வது அரைகுறை. அவர் பின்னால் ஒரு டிவி குழுவே நிற்கிறது. கேமராவைப் பார்த்ததும் ஜனங்கள் நின்று பதில் சொல்வார்கள். அதைவிட முக்கியம், தப்புவிடுவதுதான் அவர் தொழில். உளறினால் அவருக்குச் சம்பளம், நம்ம பையனுக்கு வேலை போச்சு. இந்தக் கணக்கை மறைத்துவிட்டு தைரியத்தை மட்டும் பாராட்டுவது நியாயமில்லை.

இன்னொன்று. நிகழ்ச்சி ஒரு கையால் வெட்கத்தைப் போக்குகிறது, மறு கையால் அதை வளர்க்கிறது. வீட்டில் பார்க்கும் ஜப்பானியச் சிறுவன் டெகாவாவிடம் தைரியத்தைக் கற்கலாம். கட்டத்துக்குள் இருப்பவர்களிடம் சிரிக்கவும் கற்றுக்கொள்கிறான். மறுநாள் வகுப்பில் அவன் டெகாவாவாக இருப்பானா, கட்டமாக இருப்பானா? கட்டமாக இருப்பது எளிது, பாதுகாப்பும்கூட.

நாம் மட்டும் என்ன? தமிழ் சினிமா காமெடியில் பாதி ஓட்டை இங்கிலீஷை நம்பி ஓடியது. ‘பட்லர் இங்கிலீஷ்’ என்று இன்றும் கேலி பேசுகிறோம். அந்தப் பெயர் பிறந்ததே சென்னை மாகாணத்தில்தான். வெள்ளைக்காரர் வீட்டு பட்லர்களும் சமையல்காரர்களும் பேசிய இங்கிலீஷ் அது. 1886-இல் வந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியிலேயே அதற்குப் பதிவு உண்டு. அந்த இங்கிலீஷில் வீடுகள் நடந்தன, சாமான் வாங்கினார்கள், கணக்கு ஒப்பித்தார்கள். வேலை நடந்த ஒரு மொழியைக் கேலிப்பெயராக்கியது முதலில் எஜமானர்கள். அந்தப் பெயரைக் கைவிடாமல் வைத்திருப்பது நாம்.

மாற்று வழி ஏதாவது உண்டா என்றால், உண்டு. அதைத் தேடி ஜப்பான் போக வேண்டியதில்லை. 1979-இலிருந்து 1984 வரை என். எஸ். பிரபு என்ற மொழிக் கல்வியாளர் தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் ஒரு சோதனை நடத்தினார். ‘பெங்களூர் திட்டம்’ என்று உலகம் முழுக்க மொழி ஆசிரியர்கள் அதைப் படிக்கிறார்கள். இலக்கணப் பாடம் நடத்துவதை ஓரமாக வைத்துவிட்டு, வகுப்பில் பிள்ளைகளுக்கு வேலைகள் கொடுத்தார்கள். ரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியைப் பிடிக்கலாம், வரைபடத்தைப் பார்த்து எப்படிப் போகலாம் என்பது மாதிரி. விடை கிடைத்ததா என்பதுதான் கேள்வி, வாக்கியம் அழகாக இருந்ததா என்பதல்ல. பிரபு 1987-இல் இதைப் புத்தகமாகவும் எழுதினார். டெகாவாவின் காமெடிக்கு அடியில் இருப்பதும் இதே கொள்கைதான். நம் பக்கத்துப் பள்ளிகளில் நடந்த சோதனை, சத்தமில்லாமல் நடந்தது. கட்டம் ஒட்டி யாரும் சிரிக்கவில்லை.

நம் வகுப்பறைகளில் இன்றைக்கும் வழக்கமாக நடப்பது என்ன? ஒருவனை எழுப்பி நிறுத்தி வாசிக்கச் சொல்வது, நாற்பது பேர் அவனைப் பார்ப்பது. அந்த நாற்பது பேரும் கட்டம்தான். அதற்குப் பதில் இரண்டு இரண்டு பேராக உட்கார வைத்து, ஒருவனிடம் மட்டும் ஆண்டாள் கோயிலிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு வரைபடம் கொடுத்து, மற்றவனை இங்கிலீஷில் கேட்டுப் போய்ச் சேரச் சொன்னால்? எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், அதனால் யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள். வகுப்பு சந்தைக்கடை மாதிரி இருக்கும். இருக்கட்டுமே! சந்தையில்தானே ஜனங்கள் கூச்சமில்லாமல் பேசுகிறார்கள்.

டெகாவாவின் காட்சிகள் இணையத்தில் அங்கங்கே கிடைக்கின்றன. தேடிப் பாருங்கள், சிரிப்பு உத்தரவாதம். ஒருமுறை பார்த்த பிறகு, திரையின் மூலையை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு இன்னொரு முறை பாருங்கள். தெரியாத ஊரில் ஒருவர் கேட்கிறார், தெரியாத ஒருவர் புரிந்துகொள்ளப் பார்க்கிறார். அந்த இரண்டு பேர் மட்டும்தான் இருப்பார்கள். ரெண்டு பேர் முகத்திலும் வெட்கம் இருக்காது.