டாக்டர் ஓட்டிய கார்

இந்த வாரம் விமரிசனத்துக்கு எடுத்துக்கொண்ட படைப்பு மிகச் சிறியது. பத்தே வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வரி விளம்பரமாக வந்தது.

'2009 மாடல். ஒரே ஓனர். டாக்டர் ஓட்டியது. 31,000 கி.மீ. ஷோரூம் கண்டிஷன்.'

ஆசிரியர் பெயர் இல்லை. ஒரு செல் நம்பர்தான். இதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு என்னிடம் எடுத்துவந்தவர் சேலையூரில் இருக்கும் என் மைத்துனர். வயது 61. முப்பத்தைந்து வருஷம் மின்சார ரயிலில் கிண்டிக்குப் போய்வந்து, போன வருஷம் ரிட்டயர் ஆனவர்.

"பெரிய கார் அத்தான். புதுசுல முப்பத்தஞ்சு லட்சம். இப்ப நாலு லட்சத்துக்குத் தர்றாங்க!"

கம்பெனி பெயரையும் சொன்னார். அது இங்கே வேண்டாம். நான் சொல்லப்போவது அந்த வகைக் கார்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

"எதுக்குப்பா இவ்வளவு பெரிய கார்?" என்றேன்.

"அப்பாவைப் பின்சீட்டுல உட்காரவெச்சு ஒரு தடவை மகாபலிபுரம் கூட்டிட்டுப் போகணும்."

அப்பா என்றால் என் மாமனார். 86 வயது. பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனி முதலாளியிடம் முப்பது வருஷம் டிரைவராக இருந்தவர். ஓட்டியதெல்லாம் பெரிய கார். பின்சீட்டில் ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை. விளம்பரத்தை விமரிசிப்பது சுலபம். இந்தக் காரணத்தை விமரிசிப்பது கஷ்டம். அதனால் முதலில் விளம்பரம்.

'2009 மாடல்.' தனியார் காருக்கு ஆர்.சி. புத்தகம் 15 வருஷத்துக்குத்தான் செல்லும். அதற்கப்புறம் வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் கொண்டுபோய்க் காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த இந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வயதைத் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். இன்னொன்று, பங்க்கில் இப்போது கிடைப்பது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2009-ல் செய்த காரின் ரப்பர் குழாய்களும் வாஷர்களும் இந்தக் கலவையை மனதில் வைத்துச் செய்தவை அல்ல.

'ஒரே ஓனர்.' இதை நம்பவும் வேண்டாம், சந்தேகப்படவும் வேண்டாம். ஆர்.சி.யில் எத்தனையாவது உரிமையாளர் என்று போட்டிருக்கும். பாங்க் கடன் பாக்கி இருந்தால் அதுவும் தெரியும். பார்த்துவிட்டால் போயிற்று.

'டாக்டர் ஓட்டியது.' பழைய கார் விளம்பரங்களில் டாக்டர்களுக்கு இருக்கும் மரியாதை அலாதி. வக்கீல் ஓட்டியது, ஆடிட்டர் ஓட்டியது என்று யாரும் போடுவதில்லை. டாக்டர் என்றால் நிதானமாக ஓட்டியிருப்பார், வேளாவேளைக்குச் சர்வீஸ் விட்டிருப்பார் என்று நாமே நினைத்துக்கொள்கிறோம். ஆனால் டாக்டர் காரில் எங்கே போவார்? வீட்டிலிருந்து கிளினிக், கிளினிக்கிலிருந்து வீடு. அதாவது குறைந்த தூரம்.

இது அடுத்த வரியில் நம்மைக் கொண்டுவிடுகிறது. '31,000 கி.மீ.' பதினாறு வருஷத்தால் வகுத்தால் வருஷத்துக்குச் சுமார் 1,940. நாளொன்றுக்கு ஐந்தே கால் கிலோமீட்டர். சேலையூரிலிருந்து தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போய்த் திரும்பினால் ஏறக்குறைய முடிந்தது. இஞ்சின் சரியாகச் சூடாவதற்குள் வீடு வந்துவிடும். சூடாகாத இஞ்சினில் ஈரம் ஆவியாகப் போகாமல் ஆயிலில் தங்கும். பாட்டரிக்குச் சார்ஜ் போதாது.

நாம் எல்லோரும் மீட்டரைத்தான் பார்க்கிறோம். காருக்கு இரண்டு விதமாக வயதாகிறது. ஓடித் தேய்வது ஒன்று, சும்மா இருந்து கெடுவது இன்னொன்று. டயர் ஓடாவிட்டாலும் இறுகி வெடிக்கும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஏ.சி.யை மாதக்கணக்கில் போடாவிட்டால் கம்ப்ரஸரின் சீல் காய்ந்து காஸ் கசியும். டைமிங் பெல்ட் உள்ள கார்களில் அதை இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை வருஷம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றச் சொல்லி கம்பெனி புத்தகத்திலேயே போட்டிருக்கும். அந்த 'அல்லது'க்குப் பின்னால் வருவதை யாரும் படிப்பதில்லை. எலிகளைப் பற்றி நம் புறநகர்வாசிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

'ஷோரூம் கண்டிஷன்.' ஷோரூமில் கார் ஓடுவதில்லை, நிற்கிறது. அந்த அர்த்தத்தில் இது முழு உண்மை.

படைப்பில் சொல்லாமல் விட்டதையும் விமரிசகன் பார்க்க வேண்டும். தாம்பரம் பக்கத்தில் பழைய கார் வாங்குகிற எவரும் கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு: 2015 டிசம்பர் 1-ம் தேதி ராத்திரி இந்த வண்டி எங்கே இருந்தது? அன்று 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் கார்கள் முழுகிக் கிடந்ததைப் பார்த்திருப்பீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மறுபடி அதே கதை. பெரிய கார்களில் கம்ப்யூட்டர் பெட்டிகளையும் ஒயர்களையும் சில மாடல்களில் சீட்டுக்கும் கார்ப்பெட்டுக்கும் அடியில் வைத்திருப்பார்கள். ஒருமுறை தண்ணீர் புகுந்தால் அடுத்த பல வருஷங்களுக்குத் தவணை முறையில் கெடும். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துப் பாருங்கள். பாதியில் பழுப்பாக ஒரு கோடு இருந்தால் அது வெள்ளத்தின் கையெழுத்து. ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டல் இருக்கிறதா, சீட்டை இறுக்கும் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

"இதெல்லாம் இருக்கட்டும் அத்தான். ஸ்பேர் பார்ட்ஸுக்கு என்ன கஷ்டம்? நம்ம ஜி.எஸ்.டி. ரோட்லயேதானே செய்யறாங்க?" என்றார் மைத்துனர்.

வாஸ்தவம். 2007 மார்ச்சில் பி.எம்.டபிள்யூ. மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் தொழிற்சாலை திறந்தது. தாம்பரத்திலிருந்து நேர் தெற்கே போனால் வந்துவிடும். ஆனால் தொழிற்சாலை பக்கத்தில் இருப்பதால் உதிரி பாகம் மலிவாகிவிடாது. இங்கே பூட்டுகிற சொகுசுக் கார்களின் பாகங்களில் பல கப்பலில் வருபவை. போதாக்குறைக்கு இது அவர்கள் எப்போதோ செய்வதை நிறுத்திவிட்ட மாடல். மறைமலை நகரில் ஃபோர்டு 2022-ல் கார் தயாரிப்பையே நிறுத்தியது. தொழிற்சாலைக்கு எதிர்வீட்டில் ஃபோர்டு கார் வைத்திருந்தவருக்கும் அதனால் ஒரு சலுகையும் கிடைக்கவில்லை.

முக்கியமான விஷயம் இதுதான். பழைய காரின் விலைதான் இறங்கும், அதன் பாகங்களின் விலை இறங்காது. நாலு லட்சம் கொடுத்தாலும் நீங்கள் பராமரிக்கப்போவது முப்பத்தைந்து லட்ச ரூபாய்க் காரை. யானை மலிவாகக் கிடைக்கும். தீனி மலிவாகக் கிடைக்காது.

இருந்தாலும் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்று ராஜகீழ்ப்பாக்கத்துக்குப் போனோம். சானடோரியத்தில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரையும் காசு கொடுத்துக் கூட்டிப்போனோம். போர்ட்டிகோவில் நின்றது கார். கறுப்பு. அழகுதான், மறுப்பதற்கில்லை.

டாக்டரின் மனைவி காபி கொடுத்தார். எதையும் மறைக்கவில்லை. வெள்ளத்தன்று கார் ஆஸ்பத்திரியின் முதல் மாடி பார்க்கிங்கில் இருந்ததாம். சீட் பெல்ட் சுத்தமாக இருந்தது. டாக்டர் 2018-ல் காலமாகிவிட்டார். "அப்புறம் யார் ஓட்டறது? வாரம் ஒரு தடவை டிரைவர் வந்து பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வெச்சுட்டுப் போவான்" என்றார். ஆக, விளம்பரத்தில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

மெக்கானிக் குனிந்து டயரின் பக்கவாட்டில் இருந்த நாலு எண்களைக் காட்டினார். 2213. அதாவது 2013-ம் வருஷம் 22-வது வாரத்தில் செய்த டயர். "கிலோமீட்டர் பொய் சொல்லல சார். ஆனா காலண்டரும் ஓடிட்டுத்தானே இருந்துச்சு" என்றார். டயர், பாட்டரி, சஸ்பென்ஷன் புஷ், ஏ.சி., பெட்ரோல் ஹோஸ், எல்லா ஆயிலும் என்று எழுதிக் கூட்டினார். இரண்டரை லட்சம். "இது ரோட்ல எறக்கறதுக்கு மட்டும். எலக்ட்ரானிக்ஸ் பத்தி நான் இப்ப ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அந்த அம்மாள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மூணு லட்சம் கொடுங்க போதும்" என்றார். மைத்துனர் என் முகத்தைப் பார்த்தார்.

நான் சொன்னது இது. உங்களுக்கும் உதவலாம். தினப்படிக்கு வேறு வண்டி இருந்து, அந்தக் காரைத் தெரிந்த மெக்கானிக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்து, வாங்கும் விலையில் பாதிக்குமேல் முதல் வருஷமே செலவழித்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியும் என்றால் வாங்குங்கள். பி.எஃப். பணத்தில் வாங்காதீர்கள்.

அவர் வாங்கவில்லை. திரும்பி வரும்போது கேம்ப் ரோடு வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு பெரிய காரை டிரைவரோடு ஒருநாள் வாடகைக்கு எடுத்தோம். ஆன செலவு மெக்கானிக் எழுதிய பட்டியலில் ஒரு டயர் விலைகூட இல்லை. மாமனார் வெள்ளை வேட்டியில் இறங்கி வந்தார். காரை ஒருமுறை சுற்றி வந்து டயர்களைப் பார்த்தார். மைத்துனர் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருக்க, அவர் பாட்டுக்கு முன்கதவைத் திறந்து டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"அப்பா, பின்னாடி வாங்கப்பா."

"அங்க உக்காந்தா ரோடு தெரியாதுடா."

வண்டலூர் தாண்டிக் கேளம்பாக்கம் ரோடு முழுக்க "தம்பி, ஸ்பீட் பிரேக்கர்", "தம்பி, மாடு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பின்சீட்டில் நானும் மைத்துனரும் காலை நீட்டி உட்கார்ந்திருந்தோம். சௌகரியமாகத்தான் இருந்தது.