கூட்டுச் செபத்தில் ‘நாம்’, ‘நாங்கள்’

தமிழ் உரைநடையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பலரும் செபங்களைப் பொருட்படுத்தாது கடந்து செல்கின்றனர். செபம் பத்தியைச் சார்ந்தது, இலக்கியத்தைச் சாராதது என்பது அவர்தம் எண்ணம் போலும். ஆயினும் அச்சேறிய தமிழின் தொடக்கத்தை நோக்குவார்க்கு வேறொரு காட்சி புலப்படும். 1554இல் லிசுபனில் உரோமன் எழுத்தில் தமிழை அச்சிட்ட நூலும், 1578இல் கொல்லத்தில் அண்டிரீக்கு அடிகளார் தமிழ் எழுத்திலேயே அச்சிட்ட பதினாறு பக்கத் ‘தம்பிரான் வணக்க’மும் மறைக்கல்வி நூல்களே, மக்கள் ஒருங்கு கூடிச் சொல்லுதற்குரிய மன்றாட்டுகளைத் தம்முட் கொண்டவை. அச்சுத் தமிழ் முதன்முதல் பேசியது ஒருவன் தனித்திருந்து படித்தற்கன்று, பலர் சேர்ந்து சொல்லுதற்கு என்பது இதனால் பெறப்படும். அத்தகைய கூட்டுச் செபத்தின் மொழியை ஒரு சிறு கூற்றளவில், தன்மைப் பன்மையளவில், ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிறித்தவ சபை வாழ்வில் நெடுநாளாக வழங்கிவரும் ஒரு வழக்குண்டு. கடவுளை முற்றும் நம்பியவன் செபத்துக்கு ஆயத்தம் செய்தல் வேண்டுமோ என்பதே அது. ஆயத்தம் நம்பிக்கைக் குறைவின் அடையாளம் என்பர் ஒரு சாரார். ஆவியானவர் அவ்வேளையில் அருளும் சொல்லே செபம் என்பது அவர் கொள்கை. முன்னோர் வகுத்த முறைநூல் இன்றிக் கூட்டு வழிபாடு சிதறிப்போம் என்பர் மற்றொரு சாரார். இருதிறத்தாரும் ஆயத்தம் என்பதைச் சொற்களை முன்கூட்டித் தேடிவைத்தல் என்றே பொருள் கொள்கின்றனர். வழக்கு முடியாமைக்கு இதுவே காரணம் என்பது எம் கருத்து.

முதற்சாரார் தம் கொள்கைக்கு மத்தேயு நற்செய்தியின் ஆறாம், பத்தாம் அதிகாரங்களைச் சான்று காட்டுவர். பத்தாம் அதிகாரத்தில், என்ன பேசுவோமென்று கவலைப்படல் வேண்டா எனச் சீடர்க்குக் கூறப்படுவது உண்மையே. ஆனால் அவ்விடம் அதிபதிகளுக்கும் அரசர்க்கும் முன் குற்றஞ்சாட்டப்பட்டு நிற்போரைப் பற்றியது, வழிபாட்டைப் பற்றியதன்று. ஆறாம் அதிகாரம் வழிபாட்டைப் பற்றியதே. கேட்பதற்கு முன்னரே தந்தை தேவையை அறிந்திருக்கின்றார் என்று அங்குக் கூறப்படுகின்றது. ஆயின் அவ்வாறு கூறியவர் அதனோடு அமையவில்லை. அடுத்த வாக்கியத்திலேயே ஒரு செபத்தைச் சொல் சொல்லாகக் கற்பிக்கின்றார். நம்பிக்கை அமைப்பை விலக்குமாயின் இவ்விரண்டும் அடுத்தடுத்து நில்லா. நம்பிக்கையே அமைப்புக்கு இடந்தருகின்றது என்று கொள்வதே நூலின் போக்குக்கு இயைந்ததாம். அச்செபம் தமிழில் ‘எங்கள்’ என்னும் பன்மையால் இறைவனை விளிப்பதும் கருதத்தக்கது.

இனி இலக்கணத்தை நோக்குவோம். தொல்காப்பியர் யாம், நாம் என்பவற்றை வெவ்வேறு பெயர்களாகவே எண்ணினார். நன்னூலார் தன்மைப் பன்மை விகுதிகளைப் பகுக்குமிடத்து, அம், ஆம் என்பன முன்னிலையாரைத் தன்னொடு கூட்டும் என்றும், எம், ஏம், ஓம் என்பன படர்க்கையாரைக் கூட்டும் என்றும் வகுத்தார். இக்காலத்தில் ஓம் ஒன்றே இருபொருளுக்கும் பொதுவாய் நின்றது. வேறுபாட்டைச் சுமக்கும் பொறுப்பு நாம், நாங்கள் என்னும் பெயர்களைச் சார்ந்தது. கேட்பவனை உளப்படுத்துவது நாம். அவனை எதிர்நிறுத்திப் பேசுவது நாங்கள். எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் இவ்வேறுபாடு இல்லை. ஆகலின் விவிலியத்தைத் தமிழாக்கியவர்கள் மூலம் கேளாத ஒரு வினாவுக்கு ஒவ்வோரிடத்தும் விடை சொல்ல வேண்டியவராயினர். தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1715இல் அச்சில் நிறைவுசெய்த சீகன்பால்கு முதலாக, பப்ரிசியுசு வழியாக இன்றுவரை, இவ்வினாவினின்று தப்பியவர் எவருமிலர்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு புயலில் அகப்பட்ட படகின் நிகழ்ச்சி. இயேசு படகின் பின்புறத்தில் உறங்குகின்றார். சீடர் அவரை எழுப்பித் தாம் மடிவதைக் கூறி முறையிடுகின்றனர். மடிவோர் யார்? நாம் என்றால் உறங்குகின்றவரும் உடன் மடிவார். அங்கே செபத்துக்கு இடமில்லை, ஒரே இடரில் அகப்பட்டோரின் ஓலமே உண்டு. நாங்கள் என்றால் மடிவோர் வேறு, காக்கவல்லவர் வேறு. சபைகளில் பயின்றுவரும் தமிழ் விவிலியம் மாற்கு நற்செய்தியில் ‘நாங்கள்’ என்றே கொண்டது. ஒரே படகில் இருந்தும் அவரை வேறாக நிறுத்தி விளித்தமையால் அவ்வலறல் செபமாயிற்று. எனினும் அவரும் அப்படகிலேயே இருக்கின்றார் என்பதனைச் சீடர் மறந்தனர். அதனாலன்றோ அவர்தம் நம்பிக்கையின்மை பின்னர்க் கடியப்பட்டது! நாங்கள் என்று விளித்து, நாம் என்று நம்புதல் என இதனைச் சுருங்கக் கூறலாம்.

சங்கீதங்களிலும் இம்முறை காணக்கிடக்கின்றது. 95ஆம் சங்கீதம் கூட்டத்தாரை அழைப்பது. ஆகலின் தமிழில் ‘நம்முடைய’ என்னும் சொல் அங்கு இயல்பாய் அமைந்தது. 123ஆம் சங்கீதம் இறைவனை நோக்கியது. அது தனியொருவன் கண்ணெடுத்துப் பார்ப்பதில் தொடங்கி, அடுத்த அடிக்குள்ளேயே ‘எங்கள்’ கண்கள் என்னும் பன்மைக்குச் செல்கின்றது. ஒருவன் தன் கூட்டத்தோடு சேர்ந்த பின்னரே மன்றாட்டு முழுமை பெறுகின்றது என்பது இதனால் விளங்கும்.

தமிழ்ப் பத்தி மரபு இதனை முன்னரே அறிந்திருந்தது. திருப்பாவை முப்பது பாடல்களில் ஆறாவது முதல் பதினைந்தாவது வரையுள்ள பத்தும் தோழியரை எழுப்புவன. இறைவனை எழுப்புவதற்கு முன் உறங்குபவளை எழுப்பல் வேண்டும். அவள் வாராது கூட்டம் புறப்படாது. 28ஆம் பாடலில், ஆய்க்குலத்தில் அவன் பிறக்கப்பெற்ற பேற்றைக் கூறும்போது ‘யாம்’ என்றும், அவனோடுள்ள உறவைக் கூறும்போது ‘நமக்கு’ என்றும் ஆண்டாள் அமைத்திருத்தல் நுணுகி நோக்கத்தக்கது. பேறு பெற்றவர் ஆயர் மட்டுமே. உறவோ இருதிறத்தார்க்கும் உரியது. 29ஆம் பாடலில் இறைவனை விளித்துக் கூறுமிடத்தும் ‘நாம்’ வருதலின் இது செய்யுளில் விலக்கில்லா விதியாகாது. எனினும் 28ஆம் பாடலின் அமைதி தற்செயலெனத் தோன்றவில்லை. கிறித்தவச் செபம் பாவைப் பாட்டினின்று வந்தது என்று யாம் கூறவில்லை. ஒரே மொழியில் வணங்கும் இருவேறு சமயத்தார்க்கும் அம்மொழி ஒரே வாயிலைத் திறந்து வைத்துள்ளது என்பதே எம் கூற்று.

இவற்றால், ஆயத்தம் என்பது சொல் தேடுதலன்று. ‘நாம்’ என ஒன்றுபட்ட பின் ‘நாங்கள்’ என இறைவன் முன் நிற்றலே ஆயத்தம் என்பது பெறப்படும். சபையின் வழிபாட்டு முறையும் இதற்குச் சான்று பகரும். 1947 செப்டம்பர் 27இல் சென்னையில் தொடங்கப்பெற்ற தென்னிந்தியத் திருச்சபை, 1950இல் தன் திருவிருந்து ஆராதனை முறையை வகுத்தபோது அதன் முதற்பகுதிக்கு ஆயத்தம் என்றே பெயரிட்டது. காணிக்கை படைக்கப்படுவதற்கு முன், சமாதான வாழ்த்து கையோடு கை சேர்த்து ஒருவரிலிருந்து ஒருவர்க்குச் செல்லுமாறு அமைத்தது. இவ்வழக்கம் கேரளத்துச் சீரிய மரபினின்று பெறப்பட்டது. சகோதரன் மனத்தாங்கல் கொண்டிருப்பானாயின் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் அவனோடு ஒப்புரவாகுக என்னும் மத்தேயுவின் ஐந்தாம் அதிகாரக் கட்டளை இங்கே செயலாகின்றது. ஒப்புரவாகாதவர் இருவர் ஒரே செபத்தில் நாங்கள் என்பராயின் அச்சொல் பொய்யாம்.

தாம்பரம் பகுதி இவ்வாய்வுக்கு நல்லதோர் உரைகல். சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்குப் பெயர்ந்தது. மறு ஆண்டு டிசம்பரில் அக்கல்லூரி வளாகத்தில் கூடிய அனைத்துலக மிஷனெரி மாநாட்டுக்குப் பல நாட்டுத் திருச்சபையினர் வந்திருந்தனர். அவர்தம் பொதுமொழியாகிய ஆங்கிலத்தில் தன்மைப் பன்மை ஒன்றே; அழைப்போர் யார், அழைக்கப்படாது நிற்போர் யார் என அது காட்டாது. அதே ஆண்டில் சென்னையில் செஞ்சையா, சக்கரை முதலியோர் வெளியிட்ட ஆங்கில நூல், இந்தியக் கிறித்தவம் இந்நாட்டுச் சிந்தனையில் வேரூன்றல் வேண்டும் என வாதிட்டது. கொள்கையளவில் நிகழ்ந்த அவ்வாதத்துக்குத் துணையாகும் சான்றொன்று தமிழ் இலக்கணத்திலேயே இருத்தல் அறிஞர் நோக்குக்கு உரியது.

இன்றோ தாம்பரம் முதல் வண்டலூர், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்குளத்தூர் வரை இருப்புப்பாதையை ஒட்டிப் பெருகிய ஊர்களில் கல்வியும் தொழிலும் நாடிக் குடியேறியோர் மிகப் பலர். திருநெல்வேலியின் ஆங்கிலிக்க மரபினரும், தரங்கம்பாடியின் லுத்தரன் மரபினரும், மதுரையின் அமெரிக்க மிஷன் மரபினரும் இத்தகைய புறநகர்ச் சபையொன்றில் அருகருகே அமரக்கூடும். சிற்றூர்ச் சபையில் ‘நாம்’ என்பது பிறப்பிலேயே கிடைத்தது. இங்கே அதனை ஒவ்வொரு வாரமும் ஆக்கல் வேண்டும். அடுத்த இருக்கையிலுள்ளவர் வேலையிழந்ததோ, அவர் வீட்டில் நோயுற்றிருப்பதோ அறியாதார் சொல்லும் பன்மை, பல ஒருமைகளின் தொகையே அன்றி வேறன்று.

இனிக் குறையொன்றைச் சுட்டுதல் கடன். முன்னின்று செபிப்போர் சிலர் இறைவனை விளித்துத் தொடங்கி, இடையே கூட்டத்தாரை நோக்கித் திரும்பி, ‘நாம் திருந்த வேண்டும்’ என அறிவுரை கூறத் தொடங்குகின்றனர். விளி ஒருவர்க்கு, பொருள் வேறொருவர்க்கு ஆகின்றது. கடவுள் அறிந்த செய்திகளையே கூட்டம் கேட்டற்பொருட்டு அவர்க்கு அறிவிப்பதும் இவ்வகையதே. இது வெறும் இலக்கண வழு என்று தள்ளத்தக்கதன்று. துன்புற்று வந்தவள் ஒருத்தி தன் துயரைச் சபை இறைவனிடம் எடுத்துச் செல்லும் என்று காத்திருக்கையில், செபம் அவளையே நோக்கிய சொற்பொழிவாக மாறுமாயின், அவளுக்காக இறைவன் முன் நிற்பவர் எவருமிலர்.

உள்ளத்தை நோக்கும் கடவுள் விகுதியை நோக்குவரோ எனச் சிலர் வினவுவர். நோக்கார் என்பதே எம் விடையும். ஆயின் கூட்டுச் செபத்தைக் கேட்போர் கடவுள் மட்டும் அல்லர். ஆமென் என்று சொல்லவேண்டிய மக்களும் அதனைக் கேட்கின்றனர். தாம் அதனுள் உளரா, புறத்தே நிறுத்தப்பட்டனரா என்பதனை அவர்க்கு உணர்த்துவது அச்சிறு சொல்லே. கடவுள் அறிவார் என்னும் நம்பிக்கை, அடுத்திருப்பவரை அறியாதிருத்தற்கு உரிமை தாராது. அறிந்து, ஒன்றுபட்டு, பின் அவர்முன் நிற்போர் கூறும் ‘நாங்கள்’ என்னும் சொல்லில் நம்பிக்கையும் ஆயத்தமும் ஒருங்கே அடங்கும். அச்சிட்ட செபநூல்களையும் வாய்மொழிச் செபங்களையும் இந்நோக்கில் தொகுத்து ஆராய்தல் தமிழ்த்துறை மாணவர்க்கு உரிய பணியாம்.